குளிர் ஊரில் சூடேறி அணைந்த லெப்டொப்: ஒரு நிகழ்வு ஆய்வு

இது 2025ஆம் ஆண்டு ஜூன் முதல் ஓகஸ்ட் வரை, ஹட்டனில் நான் வேலை செய்யும் சிறிய பழுதுபார்க்கும் கடைக்கு வந்த ஒரு லெப்டொப்பின் கதை. உரியவர்களின் சம்மதத்துடன், அவர்களை அடையாளம் காட்டாமல் எழுதுகிறேன். மலையகத்தில் இந்தக் கோளாறு அடிக்கடி வருகிறது. வந்தபின் பெரும்பாலும் பெட்டரியிலும் விண்டோஸிலும்தான் காசு போகிறது. அதனால் இதைத் தொடக்கத்திலிருந்து பதிவு செய்கிறேன்.

பின்னணி

லெப்டொப்பின் சொந்தக்காரர் பொகவந்தலாவைப் பக்கத் தோட்டமொன்றைச் சேர்ந்த யுவதி. தோட்டத்து முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டே வெளிவாரிப் பட்டம் படிக்கிறார். விரிவுரைகள் பின்னேரத்தில், இணையவழியாக, சூமில். அம்மா இன்னும் கொழுந்துக்குப் போகிறார். அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த சேமலாப நிதியில் ஒரு பகுதியைக் கொடுத்து 2023இல் இந்த லெப்டொப்பை வாங்கினார்கள். வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்து, இங்கே இறக்குமதியாகி விற்பனைக்கு வரும் வகை. 14 அங்குலத் திரை, இன்டெல் கோர் ஐ5-8250யு செயலி, 8 ஜிபி ரேம், கோப்புகளைச் சேமிக்க 256 ஜிபி எஸ்.எஸ்.டி. அந்தச் செயலி 2017இல் வந்தது. நல்ல செயலிதான், இன்றைக்கும் படிப்புக்குத் தாராளமாகப் போதும்.

மே மாதக் கடைசியில், பருவமழை பிடித்த கையோடு கோளாறு தொடங்கியிருக்கிறது. முதலில் எப்போதாவது ஒருமுறை. ஜூன் நடுப்பகுதியில் ஏறக்குறைய ஒவ்வொரு விரிவுரையிலும். கடைக்கு வந்தபோது அவர் சொன்னதை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன்:

"அண்ணே, லெச்சர் பாதியில டக்குனு அணைஞ்சிருது. உடனே திரும்பப் போட்டா ரெண்டு நிமிஷம்கூட நிக்கிறதில்ல. அரை மணித்தியாலம் விட்டுப் போட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி வேலை செய்யுது."

இந்த மூன்று வாக்கியத்திலேயே பாதி நோயறிதல் இருக்கிறது. உடனே போட்டால் நிற்காது, ஆறவிட்டுப் போட்டால் நிற்கும் என்பது சூட்டின் குணம். பழுதான ரேமோ, கெட்டுப்போன விண்டோஸோ அரை மணித்தியால ஓய்வில் குணமாகாது.

எங்களிடம் வருவதற்கு முன்

அதற்கு முன் இரண்டு இடங்களுக்குப் போயிருந்தது. முதல் இடத்தில் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கோளாறு விண்டோஸில்தான் என்று நினைக்க ஒரு காரணமும் இருந்தது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிகிறது என்ற அறிவிப்பைப் பார்த்து, யுவதி ஏப்ரலில் விண்டோஸ் 11க்கு மாறியிருந்தார். மாறி ஒரு மாதத்தில் கோளாறு என்றால் பழி அதன் மேல்தான் விழும். ஆனால் அழித்துப் போடும்போது கோப்புகளைப் பிரதி எடுக்கவில்லை. ஆய்வுக் கட்டுரையின் இரண்டு அத்தியாயங்கள் போய்விட்டன. மேற்பார்வையாளருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய பிரதி ஒன்று இருந்ததால் முழு இழப்பாகவில்லை.

இரண்டாவது இடத்தில் பெட்டரி "வீக்" என்றும், மாற்ற 14,000 ரூபா என்றும் சொல்லியிருக்கிறார்கள். கூடவே பக்கத்துத் துவாரம் வழியாக புளோவரால் காற்றடித்துக் கொடுத்திருக்கிறார்கள். சில நாள் நன்றாக இருந்து, பிறகு முன்னைவிட மோசமாகியிருக்கிறது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று ஆனது. அந்தக் கணக்கில் ஒரு பெட்டரி என்பது பத்து நாளுக்கும் மேற்பட்ட மலை வேலை. அப்பா ஏற்கெனவே முடிவுக்கு வந்த மாதிரித்தான் கடையில் நின்றார்.

"சரிவராதுன்னா சொல்லிருங்க தம்பி, வந்த விலைக்குக் குடுத்துட்டு வேற பாக்குறோம்."

சூடாகித்தான் அணைகிறது போலத் தெரிகிறது என்று நான் சொன்னதும் அவர் கேட்டது: "இந்தக் குளிர்லயா தம்பி?"

அது நியாயமான கேள்வி. எங்கள் பக்கத்தில் எல்லோரும் கேட்பது. செயலி எழுப்பும் சூடு விரல்நகம் அளவு இடத்திலிருந்து வருகிறது. இந்தச் செயலிக்குத் தொடர்ச்சியாக 15 வாட் வரை என்று கணக்கு. சிறிது நேரத்துக்கு அதையும் தாண்டும். அந்தச் சூட்டைச் செப்புக் குழாய் எடுத்துக்கொண்டு போய், ஓரத்திலுள்ள மெல்லிய தகடுகளில் சேர்க்கிறது. விசிறி அந்தத் தகடுகளுக்கு இடையே காற்றைத் தள்ளி வெளியேற்றுகிறது. கொழும்பில் அறைச்சூடு 30 பாகையாகவும் இங்கே 18 பாகையாகவும் இருந்தால், காற்று ஓடும் வரைக்கும் எங்களுக்கு 12 பாகை இலாபம். காற்றே ஓடாவிட்டால் வெளியில் குளிராக இருப்பதால் பயனில்லை.

உயரத்தைப் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரம். கடல் மட்டத்தைவிட இங்கே காற்றின் அடர்த்தி எட்டில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. விசிறி தள்ளும் காற்றும் அந்த அளவுக்கு இலேசு. ஆனால் லெப்டொப்கள் பொதுவாக 3,000 மீற்றர் வரை பாவிக்கத்தக்கதாகவே செய்யப்படுகின்றன. எங்கள் குளிர் அந்தக் குறையை ஈடுசெய்துவிடும். இந்த நிகழ்வில் உயரத்துக்குப் பங்கில்லை.

முதல் முடிவு: கோப்புகள்

எந்தப் பரிசோதனைக்கும் முன்பு, எஸ்.எஸ்.டியைக் கழற்றி வெளிப்பெட்டியில் போட்டு, அவருடைய கோப்புகள் எல்லாவற்றையும் வேறொரு வட்டுக்கும் அவருடைய கூகுள் டிரைவுக்கும் பிரதி எடுத்தோம். சூட்டால் வரும் அணைப்பு சாதாரண அணைப்பு மாதிரி இல்லை. மின் ஒரே நொடியில் துண்டிக்கப்படுகிறது. அந்த நேரம் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு பழுதாகலாம். நாங்கள் செய்யப்போகும் பரிசோதனை இன்னும் பலமுறை அதை அணைய வைக்கும் என்பதும் தெரியும். ஒருமுறை எழுத்தை இழந்த பிள்ளைக்கு இரண்டாவது முறையும் அது நடக்கக் கூடாது என்பதே எனக்கு முதல் காரியமாக இருந்தது.

கவனித்தவை

மின்பக்கக் கோளாறா என்று முதலில் பார்த்தோம். சார்ஜர் இல்லாமல் பெட்டரியில் மட்டும் ஓடவிட்டபோது அணைந்தது. பெட்டரி இணைப்பைக் கழற்றிச் சார்ஜரில் மட்டும் ஓடவிட்டபோதும் ஏறக்குறைய அதே நேரத்தில் அணைந்தது. இரண்டும் ஒரே நேரம் பழுதாக வாய்ப்புக் குறைவு. விண்டோஸில் பெட்டரி அறிக்கையை எடுத்துப் பார்த்தால், புதிதாக இருந்தபோது கொண்ட அளவில் மூன்றில் இரண்டு பங்கை இன்னும் கொள்கிறது. இந்த வயதுக்கு அது நல்ல பெட்டரி. வீங்கியிருக்கிறதா என்றும் பார்த்தோம். டச்பேட் எழும்பவில்லை, அடிமூடி நேராக உட்கார்ந்திருந்தது. நீண்ட நாள் சூட்டில் கிடந்த லித்தியம் பெட்டரியில் இதைப் பார்க்காமல் விடக்கூடாது. வீங்கியிருந்தால் அதை அழுத்தாமல், குத்தாமல், சார்ஜ் போடாமல் அகற்றுவதுதான் முதல் வேலையாகியிருக்கும்.

அடுத்தது விண்டோஸ். நிகழ்வுப் பதிவேட்டில் 'கேர்னல்-பவர் 41' என்ற பதிவு வரிசையாக இருந்தது. இதைப் பார்த்து பவர் சப்ளை பழுது என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. அந்தப் பதிவு சொல்வது இவ்வளவுதான்: கடைசியாக ஒழுங்காக மூடப்படவில்லை. ஏன் என்று அது சொல்லாது. அதனால் விண்டோஸையே விட்டுவிட்டு, விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் பயோஸ் திரையில் நிறுத்தி அப்படியே விட்டோம். இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் போய் அணைந்தது. விண்டோஸ் ஏறாமலே அணைகிறதென்றால் விண்டோஸை எத்தனை முறை அழித்துப் போட்டும் பயனில்லை. இது வணிக ரக லெப்டொப் என்பதால் பயோஸிலேயே ஒரு பதிவேடு இருந்தது. அதில் வெப்பத்தால் அணைந்ததாகத் திகதியோடு குறிப்புகள். முதலாவது குறிப்பு மே மாதம்.

பிறகு வெப்ப அளவீடு. சும்மா இருக்கும்போதே செயலி 79 பாகை செல்சியஸ். கடைக்குள் அப்போது 19 பாகை. ஒரு காணொளியை ஓடவிட்டதும் ஒரு நிமிடத்துக்குள் 100. இந்தச் செயலிக்கு 100 பாகைதான் எல்லை. அதைத் தொட்டதும் தன்னைத் தானே மெதுவாக்கிக்கொள்ளும், 3.4 கிகாஹேட்ஸ் வரை ஏறக்கூடியது 0.8க்கு இறங்கி நின்றது. சூம் இழுத்து இழுத்து ஓடுகிறது, இணையம் சரியில்லை என்று யுவதி பல வாரமாக நினைத்ததற்குக் காரணம் இதுதான். மெதுவாகியும் சூடு இறங்காவிட்டால் பாதுகாப்பு மின்சுற்று மின்னை வெட்டிவிடும். விண்டோஸுக்கு விடைபெறும் அவகாசம்கூடக் கிடையாது.

விசிறி முழு வேகத்தில் ஓடுவதாக அளவீடு காட்டியது. சத்தமும் பலமாகக் கேட்டது. ஆனால் டிஷூத் தாளிலிருந்து ஒரு மெல்லிய கீற்றைக் கிழித்து வெளித்துவாரத்தின் முன்னால் பிடித்தபோது அது அசையவேயில்லை. தொங்கியபடியே நின்றது. அப்பாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். பக்கத்தில் வேலை முடிந்திருந்த இன்னொரு லெப்டொப்பின் துவாரத்தில் அதே கீற்றைப் பிடித்தபோது கிடையாக எழும்பிப் படபடத்தது. அதன்பிறகு குளிரைப் பற்றி அவர் கேட்கவில்லை. "அப்ப உள்ள அடைச்சிருக்கு" என்று அவரே சொன்னார்.

திறந்து பார்த்தபோது

அணைத்து, அடிமூடியைக் கழற்றியதும் முதலில் பெட்டரி இணைப்பைப் பிரித்தோம். திருகாணிகளை ஒரு தாளில் லெப்டொப்பின் வடிவம் வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வைத்தோம். அவை எல்லாம் ஒரே நீளமில்லை. நீளமானதைக் குறுகிய துளையில் போட்டு முறுக்கினால் மதர்போட்டையே, அதாவது உள்ளிருக்கும் முதன்மை மின்சுற்றுப் பலகையையே, கெடுத்துவிடலாம்.

விசிறியைத் தூக்கியதும், அதற்கும் செப்புத் தகடுகளுக்கும் இடையில் துவாரத்தின் முழு அகலத்துக்கும் ஒரு படலம். நான்கு மில்லிமீற்றர் தடிப்பு இருக்கும். சிறு இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தபோது உதிராமல் ஒரே துண்டாக, வெட்டி எடுத்த கம்பளித் துணிபோல வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சாம்பல் நிறத் தூசிக்குள் சிவப்பு நூல்கள் குறுக்கும் மறுக்குமாக ஓடின. எல்லாவற்றையும் பளபளப்பான பழுப்பு நிறப் பசை ஒட்டிப் பிடித்திருந்தது. மணத்திப் பார்த்தால் விறகுப் புகை.

அந்தப் பசைதான் இந்த நிகழ்வின் முக்கியமான விஷயம். காய்ந்த தூசி காற்றடித்தால் போய்விடும். புகைக்கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்த தூசி போகாது. வெளியிலிருந்து புளோவர் அடித்தபோது அந்தப் படலம் தகட்டிலிருந்து சற்று விலகி உள்ளே தள்ளப்பட்டிருக்க வேண்டும். காற்றுக்குக் கொஞ்சம் வழி கிடைத்துச் சில நாள் நன்றாக ஓடியது. பிறகு விசிறியே அதைத் திரும்பத் தகட்டோடு இறுக்கிவிட்டது. புளோவரால் இன்னொரு கெடுதலும் உண்டு. விசிறியைக் கையால் பிடிக்காமல் அடித்தால், அது தன் அளவுக்கு மீறிய வேகத்தில் சுழன்று அச்சைப் பிடித்திருக்கும் தாங்கி (பெயாரிங்) தேய்கிறது. இந்த விசிறியின் அச்சை விரலால் ஆட்டியபோது மெல்லிய ஆட்டம் தெரிந்தது.

செப்புத் தகடுகளை ஐசோபுரோப்பைல் அல்கஹாலில் நனைத்த மெல்லிய தூரிகையால் இடைவெளி இடைவெளியாகச் சுத்தம் செய்தோம். நிறைய நேரம் பிடித்தது. தூரிகை ஒவ்வொரு முறையும் தேயிலைச் சாயம்போல் நிறமேறி வந்தது. சூட்டைச் செப்புக் குழாய்க்குக் கடத்துவதற்காகச் செயலியின் மேல் பூசியிருந்த தேர்மல் பேஸ்ட் சுண்ணாம்புக் கட்டி மாதிரிக் காய்ந்து, சுரண்டினால் தூளாக உதிர்ந்தது. அதைத் துடைத்தெடுத்து, புதிய பேஸ்ட்டைச் சிறிதளவு வைத்தோம். குழாய்த் தொகுதியின் திருகாணிகளைப் பக்கத்தில் பொறித்திருந்த இலக்க வரிசைப்படி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினோம். ஒரு பக்கத்தை முதலிலேயே இறுக்கினால் மறுபக்கம் செயலியைத் தொடாது.

விசிறியை மாற்றுவதா என்பதை வீட்டாரோடு பேசினோம். புதியது 4,500 ரூபா. சுத்தம் செய்தபின் அளவீடு நன்றாக இருந்தால் இப்போதைக்கு விடலாம், சத்தம் கூடினால் மாற்றலாம் என்று முடிவாயிற்று. அளவீடு நன்றாகவே வந்தது. சும்மா இருக்கும்போது 44 பாகை. ஒரு மணித்தியாலம் முழுப் பாரத்தில் ஓடவிட்டும் 84ஐத் தாண்டவில்லை. சூம் ஓடும்போது 70 அளவில் நின்றது. வெப்பநிலையைத் திரையின் ஓரத்தில் காட்டும் மென்பொருள் ஒன்றைப் போட்டு, அதை எப்படிப் பார்ப்பது என்றும் சொல்லிக் கொடுத்து அனுப்பினோம்.

மீண்டும் அணைந்தது

அடுத்த வாரமே வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. திரையின் ஓரத்தில் 96. கீழே, "அண்ணே, இப்பத்தான் லெச்சர் தொடங்கி அரை மணித்தியாலம்" என்று எழுதியிருந்தார். அதன் பின் அணைந்தும் விட்டது.

மறுபடி கொண்டுவரச் சொல்லித் திறப்பதுதான் வழக்கமான வழி. ஆனால் கையில் இருந்த இரண்டு எண்களும் வேறொன்றைச் சொல்லின. அதே இயந்திரம், அதே சூம், கடை மேசையில் 70, வீட்டில் 96. உள்ளே பழுது என்றால் மேசையிலும் காட்டியிருக்கும். வித்தியாசம் இடத்தில் இருந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வீட்டுக்குப் போனோம்.

பழைய லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடு. பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவில் ஒரு காம்பரா (அறை), முன்னால் ஸ்தோப்பு (திண்ணை), பின்பக்கம் அடுப்படி. தகரக் கூரையில் மழை விழுந்தால் பேசுவது கேட்காது. காம்பராவில் இருப்பது ஒரேயொரு பிளக், அதுவும் கட்டிலின் தலைமாட்டில். சார்ஜர் வயர் எட்டும் இடம் கட்டில்தான். பின்னேரம் ஆறு மணிக்கு மேல் அங்கே நல்ல குளிர். யுவதி கட்டிலில் சம்மணமிட்டு, இடுப்பு வரை சிவப்புக் கம்பளியைப் போர்த்தி, லெப்டொப்பை அதன் மேல் வைத்துக்கொள்வார். அந்த லெப்டொப் காற்றை அடிமூடியிலுள்ள துவாரங்கள் வழியாகத்தான் இழுக்கிறது. கம்பளி அதை மூடுகிறது, விசிறி கம்பளியின் நூலை உறிஞ்சுகிறது. சுத்தம் செய்த உடனேயே மறுபடி அணைந்ததற்குக் காரணம் கண்முன்னால் இருந்தது.

புகைக்கரிக்கு மட்டும் விளக்கம் கிடைக்கவில்லை. அடுப்படிக்கும் காம்பராவுக்கும் இடையில் கதவு இருக்கிறது. புகை வரும், ஆனால் அவ்வளவு வராது. லெப்டொப்பைப் பாவிக்காத நேரம் எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். அம்மாதான் பதில் சொன்னார்.

"மழை காலத்துல எல்லாத்துலயும் பூஞ்சணம் புடிக்குது தம்பி. காஞ்ச எடம்னா அடுப்புக்கு மேல இருக்கிற தட்டுதான். அதுலதான் பத்திரமா வெச்சிருக்கேன்."

அடுப்புக்கு மேலே விறகு காயப்போடும் தட்டு. சுவரும் கூரையும் கரி பூத்த இடம். அதில் ஒரு துணி விரித்து, மேலே ஒரு துணி போர்த்தி, லெப்டொப்பை வைத்திருந்தார். அவர் சொன்னதில் தவறில்லை. தென்மேற்குப் பருவமழையில் அந்த வீட்டில் ஈரம் ஏறாத இடம் உண்மையில் அது ஒன்றுதான். படிப்புச் சான்றிதழ்களும் அங்கேதான் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. வீட்டிலேயே பெறுமதியான பொருளை வீட்டிலேயே நல்ல இடத்தில் வைத்திருக்கிறார் அந்தத் தாய்.

இதையும் எழுதத்தான் வேண்டும். இரண்டு ஆண்டில் ஒரு விசிறிக்குள் அவ்வளவு கரி சேர்ந்தது என்றால், அந்த அடுப்பின் முன்னால் காலையும் மாலையும் நிற்கிறவரின் நெஞ்சுக்குள் போவது எவ்வளவு? புகைக்கூண்டு இல்லாத லயத்து அடுப்பு ஒரு சுகாதாரப் பிரச்சினை. லெப்டொப்பைச் சுத்தம் செய்துவிட்டு அதைப் பேசாமல் வர எனக்கு மனமில்லை. தோட்ட வைத்திய அதிகாரியிடமும் வீடமைப்புக்குப் பொறுப்பானவர்களிடமும் எழுத்தில் கேட்கும்படி அப்பாவிடம் சொன்னேன். கடிதம் எழுத யுவதி இருக்கிறார்.

இன்னொன்றும் அப்போது தெரியவந்தது. அணைந்ததும் சீக்கிரம் ஆறட்டும் என்று யுவதியின் தம்பி லெப்டொப்பை ஜன்னலுக்கு வெளியே பனிக்காற்றில் நீட்டிப் பிடித்திருக்கிறான். 90 பாகையில் இருக்கும் மதர்போட் மேல் மூடுபனி பட்டால் அது ஆறும்போது உள்ளே ஈரம் படியலாம். இன்றைக்கு ஒன்றும் தெரியாது, சில மாதம் கழித்துத் துரு பிடிக்கும். அதை உடனே நிறுத்தச் சொன்னோம்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

வீட்டில் செய்யக்கூடியதைத்தான் செய்ய வேண்டும். மேசை வாங்குங்கள் என்று சொல்வது சுலபம். மேசை வைக்க அங்கே இடமில்லை. அப்பா ஒட்டுப்பலகைத் துண்டொன்றை லெப்டொப்பைவிடச் சற்றுப் பெரிதாக அறுத்து, அதன் மேல் விரலளவு உயரத்தில் இரண்டு சட்டங்களை நெடுக்காக அடித்தார். லெப்டொப் சட்டங்களின் மேல் உட்காரும். அடியில் காற்றுப் போக வழி உண்டு. கம்பளியைப் போர்த்திக்கொள்ளலாம், பலகையைக் கம்பளியின் மேல் மடியில் வைக்கலாம். குளிரில் உட்கார்ந்து படிக்கிறவரிடம் கம்பளியை விடச் சொல்வதில் நியாயமில்லை.

தரமான நீட்டு வயர் ஒன்று போட்டால் மழையில்லாத நாட்களில் ஸ்தோப்பில் இருந்து படிக்கலாம். அங்கேதான் போன் சிக்னலும் நன்றாக வருகிறது.

வைக்கும் இடத்துக்கு, மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று. அதற்குள் சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்கள் சில. லெப்டொப்பை முழுமையாக அணைத்து, நன்றாக ஆறிய பின்தான் பெட்டிக்குள் வைப்பது. சூட்டோடு மூடினால் ஈரத்தையும் சேர்த்து மூடியதாகும். பெட்டியின் இடம் கட்டிலுக்கு அடியில், அடுப்படிக்கு எதிர்ப்பக்கம்.

இயந்திரத்தின் பக்கத்திலும் ஒரு மாற்றம். விண்டோஸின் மின் அமைப்பில் செயலியின் உச்ச நிலையை 100 வீதத்திலிருந்து 99க்குக் குறைத்தோம். ஒரு வீதம்தான் என்றாலும், அது செயலி தன் அடிப்படை வேகத்துக்கு மேல் பாய்வதை நிறுத்திவிடுகிறது. விரிவுரை கேட்கவும் வேர்டில் எழுதவும் அந்தப் பாய்ச்சல் தேவையில்லை, அதனால் வரும் சூடு மட்டும் மிச்சம். சில லெப்டொப்களில் இந்த அமைப்பு மறைந்திருக்கும், இதில் இருந்தது. சூமில் பின்புலப் படம் போடுவதையும் நிறுத்தினார். முகத்தைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்க ஒவ்வொரு நொடியும் செயலி உழைக்க வேண்டியிருக்கிறது. லயத்துச் சுவர் தெரியக் கூடாது என்றுதான் அந்தப் படத்தைப் போட்டிருந்தார். அதற்குக் கட்டில் பக்கத்துச் சுவரில் ஒரு சேலையை மடித்துக் கட்டிக்கொண்டார். பார்க்கவும் நன்றாக இருந்தது.

தொடர்ந்து நடந்தது

ஜூலை முழுவதும் ஒருமுறையும் அணையவில்லை. விரிவுரை நேரங்களில் அவர் அனுப்பிய படங்களில் 62க்கும் 70க்கும் இடையில் நின்றது. சூம் இழுப்பதும் நின்றுவிட்டது. அதற்காக மாற்ற நினைத்திருந்த இணையப் பொதியை மாற்ற வேண்டி வரவில்லை.

ஓகஸ்ட்டில் விசிறி கரகரக்கத் தொடங்கியது. தாங்கி தேய்ந்திருந்ததால் அது எதிர்பார்த்ததுதான். கொண்டுவந்ததும் விசிறியை மாற்றினோம். அந்த வாய்ப்பில் தகடுகளைப் பார்த்தோம். கொஞ்சம் சாம்பல் நிறத் தூசி, ஊதினால் பறக்கும் வகை. பசை இல்லை, சிவப்பு நூலும் இல்லை. வெப்பநிலை எண்ணைவிட எனக்கு நம்பிக்கை தந்தது அந்தக் காய்ந்த தூசிதான். பெட்டி அடுப்பை விட்டு விலகி இருக்கிறது, பலகை வேலை செய்கிறது என்பதற்கு அது நேரடிச் சான்று.

பெட்டரி மாற்றப்படவில்லை. அதே பெட்டரிதான் இன்றும். ஆய்வுக் கட்டுரையை உரிய தவணைக்குள் கையளித்துவிட்டதாகச் செய்தி அனுப்பினார்.

இனி மாற்றிச் செய்வது

கடையில் லெப்டொப்பை எடுக்கும்போது எழுதும் துண்டில் இப்போது இன்னும் சில கேள்விகள் சேர்ந்திருக்கின்றன. எதன் மேல் வைத்துப் பாவிக்கிறீர்கள்? பாவிக்காதபோது எங்கே வைக்கிறீர்கள்? அடுப்பு எந்தப் பக்கம்? அணைந்த உடனே திரும்பப் போட்டால் நிற்கிறதா? இவற்றை முதலிலேயே கேட்டால், இரண்டாவது முறை அணைவதற்கு முன்பே பலகையும் பெட்டியும் தயாராகிவிடும். கேட்கும் விதமும் முக்கியம். "எங்கே வைத்துக் கெடுத்தீர்கள்" என்ற தொனி வந்தால் மேசையில்தான் என்று எல்லோரும் சொல்வார்கள்.

சூட்டுக் கோளாறு என்று சந்தேகம் வந்தால், பேஸ்ட்டையும் விசிறியையும் தொடுவதற்கு முன்பும் பின்பும் வெப்பநிலையை எழுதி, அந்தத் தாளை வாடிக்கையாளரிடமும் கொடுக்கிறோம். வேறு கடைக்குப் போனாலும் அது அவருக்கு உதவும்.

வெளியிலிருந்து புளோவர் அடிப்பதைத் தோட்டப் பக்கத்திலிருந்து வரும் இயந்திரங்களுக்கு நாங்கள் செய்வதில்லை. மூடியைத் திறந்து, விசிறியைப் பிடித்து, பசை இருந்தால் அல்கஹாலால் கழுவித்தான் கொடுக்கிறோம். நேரம் கூட எடுக்கும், அதற்கேற்ற கூலியும் வாங்குகிறோம்.

இந்த யுவதிக்குச் சொல்லியிருப்பது: சும்மா இருக்கும்போது 55க்கு மேலோ, விரிவுரையில் 85க்கு மேலோ சில நாள் தொடர்ந்து காட்டினால், அணையும் வரை காத்திராமல் கொண்டுவர வேண்டும். ஒன்றும் காட்டாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை, அடுத்த பருவமழைக்கு முன்பு ஏப்ரல் கடைசியில், திறந்து சுத்தம் செய்வதாகத் திகதி போட்டிருக்கிறோம்.